அமெரிக்கத் தொழிலாளி சோம்பேறி என்பதால்தான் ஜப்பான் கார்கள் ஜெயித்தனவா?

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஜப்பானின் டொயோட்டாவிடம் தோற்றதற்குத் தொழிலாளர்களும் யூனியனும்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. பேர் கெட்ட தொழிற்சாலை. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்கள் உண்டு. வந்தவர்களில் சிலர் ஷிப்டிலேயே குடிப்பார்கள். நிர்வாகத்தின் மேல் இருந்த கோபத்தில் காலி பாட்டிலைக் கதவுக்குள் போட்டு மூடிவிடுவார்களாம். வாங்கியவர் ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வரும், எங்கிருந்து என்று மட்டும் தெரியாது. 1982ல் ஆலையை இழுத்து மூடினார்கள்.

1984ல் அதே கட்டடத்தை டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகத் திறந்தன. பெயர் நூமி. ஜப்பான் கார் இறக்குமதிக்கு 1981லிருந்தே உச்சவரம்பு இருந்ததால், அமெரிக்க மண்ணில் கார் செய்யப் பழக வேண்டிய கட்டாயம் டொயோட்டாவுக்கு. ஜெனரல் மோட்டார்ஸுக்கோ லாபத்தில் சின்ன கார் செய்யத் தெரிய வேண்டும். யூனியன் அதேதான், ஆட்களிலும் பெரும்பாலோர் பழையவர்களே. நடத்தியது மட்டும் டொயோட்டா.

பழைய ஆலையில் ஒரே சட்டம்: என்ன ஆனாலும் லைன், அதாவது கார்கள் நகர நகரப் பாகங்களைப் பொருத்தும் வரிசை, நிற்கக் கூடாது. போல்ட் தப்பாக முடுக்கப்பட்டிருந்தாலும் கார் நகர்ந்துகொண்டே இருக்கும், பிறகு வெளியே நிறுத்திப் பிரித்து மேய்வார்கள். நூமியில் லைன் நெடுகத் தலைக்கு மேல் ஒரு கயிறு. கோளாறு தெரிந்தால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். ஒரு இசை ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும். கொஞ்ச காலத்திலேயே அந்த ஆலையின் தரம் ஜப்பானில் இருந்த டொயோட்டா ஆலையை ஏறக்குறைய எட்டிப் பிடித்தது.

சரி, கண்ணெதிரே பார்த்த ஜெனரல் மோட்டார்ஸ் ஏன் எல்லா ஆலைகளிலும் இதைச் செய்யவில்லை? செய்து பார்த்தார்கள். அதே மாநிலத்தில் வான் நைஸ் ஆலையில் முயன்றார்கள், எடுபடவில்லை. 1992ல் அதையும் மூடினார்கள். கயிறு கட்டுவது பெரிய வேலையில்லை. இழுத்தவனை ஃபோர்மேன் முறைக்காமல் இருக்க வேண்டுமே! நான் வேலை பார்த்த ஓர் உதிரிபாகக் கம்பெனியிலும் இதற்கென்று பட்டன் இருந்தது. அதன் மேல் தூசிதான் படிந்திருந்தது.

அதற்காக எல்லாப் பழியையும் நிர்வாகத்தின் தலையிலேயே கட்டவும் முடியாது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மக்கள் சின்ன கார் தேடியபோது, ஜப்பானியர்களிடம் அது தயாராக இருந்தது. அதில் பாதி அதிர்ஷ்டம்.

நூமியில் நடந்த இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். டொயோட்டா கொரோலா, ஜியோ பிரிஸம் இரண்டும் ஒரே ஆலையில், ஒரே ஆட்கள் கையில் உருவானவை. உள்ளே கிட்டத்தட்ட ஒரே கார். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற பிரிஸத்தைத் தள்ளுபடி கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. பழைய கார் சந்தையிலும் கொரோலாவுக்குத்தான் விலை. ஆலைக்குள் தரத்தை ஓரிரு வருடத்தில் திருத்திவிட்டார்கள். வெளியே போன பெயரை அவ்வளவு சீக்கிரம் மீட்க முடியவில்லை.