மதுரை எம்.பி. சீட்டு யாருக்கு? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மதுரையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் உதயசூரியன் இல்லாவிட்டால் இரட்டை இலை. ஆனால் எம்.பி. மட்டும் காங்கிரஸ்காரராகவோ கம்யூனிஸ்டாகவோ இருக்கிறாரே, எப்படி? (வாசகர், செல்லூர்)

1952-லிருந்து 2024 வரை 18 பொதுத்தேர்தல்கள் நடந்திருக்கின்றன. அதில் தி.மு.க. இங்கே ஜெயித்தது ஒரே தடவை, 2009-ல் மு.க. அழகிரி. அ.தி.மு.க.வும் ஒரே தடவைதான், 2014-ல் ஆர். கோபாலகிருஷ்ணன். மீதி 16-ல் காங்கிரஸ் 8, மார்க்சிஸ்ட் 5, இந்திய கம்யூனிஸ்ட், த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்), சுப்பிரமணியன் சுவாமியின் ஜனதா கட்சி ஆகியவை தலா 1.

இதற்காக மதுரைக்காரர்கள் சட்டசபைக்கு ஒரு மனசும் டெல்லிக்கு இன்னொரு மனசும் வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. பெரிய கட்சிகள் பல காலம் இந்த சீட்டைக் கூட்டணிக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டன, அவ்வளவுதான். ஜெயித்தவர்களின் பட்டியலைக் கூட்டணியோடு சேர்த்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். காங்கிரஸின் ஆர்.வி. சுவாமிநாதன் 1971-ல் தி.மு.க. துணையோடு ஜெயித்தார், 1977-ல் அ.தி.மு.க. துணையோடு ஜெயித்தார். அடுத்து வந்த ஏ.ஜி. சுப்புராமன் 1980-ல் தி.மு.க. பக்கம், 1984-ல் அ.தி.மு.க. பக்கம். ராம்பாபு 1989-லும் 1991-லும் அ.தி.மு.க. கூட்டணியில் காங்கிரஸாக நின்று ஜெயித்து, 1996-ல் த.மா.கா.வாகி தி.மு.க. கூட்டணியில் ஜெயித்தார். மார்க்சிஸ்ட் பி. மோகன் 1999-ல் அ.தி.மு.க. ஆதரவில், 2004-ல் தி.மு.க. ஆதரவில். நாலு பேருமே இரண்டு பக்கமும் நின்று ஜெயித்தவர்கள்! ராம்பாபுவைத் தவிர யாரும் கட்சி கூட மாறவில்லை, அவர்களைச் சுற்றிக் கூட்டணிதான் மாறிக்கொண்டே இருந்தது.

1980-ஐ மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். ஜனவரியில் மக்களவைத் தேர்தல். தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்து மாநிலத்தையே அள்ளின, அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது 2 இடம், மதுரையில் சுப்புராமன். அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டசபைத் தேர்தல் வந்தது, எம்.ஜி.ஆர். எங்கே நின்றார் தெரியுமா, நம்ம மதுரை மேற்கில்தான். ஜெயித்து மறுபடி முதல்வரானார். நாலே மாத இடைவெளியில் இதே ஊர் போட்ட ஓட்டு இது. ஆக, கூட்டணி மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிடக் கூடாது, என்ன தேர்தல் என்று பார்த்துப் போடுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சரி, இடதுசாரிகள் ஏன் மதுரையை விடாமல் கேட்டு வாங்குகிறார்கள்? உங்கள் செல்லூரிலேயே பதில் இருக்கிறது. தறி, நூல், ஹார்வி மில், மீனாட்சி மில் என்று தொழிலாளர் சங்கங்கள் வேர் பிடித்த ஊர் இது. 1957-லேயே பாரிஸ்டர் கே.டி.கே. தங்கமணியை இந்திய கம்யூனிஸ்ட் கட்சி இங்கிருந்து டெல்லிக்கு அனுப்பியது. 1967-ல் மார்க்சிஸ்ட் பி. ராமமூர்த்தி, இவர் 1952-ல் சிறையில் இருந்தபடியே மதுரை வடக்கில் எம்.எல்.ஏ. ஆனவர். ஆனால் அந்த வேர் மட்டும் ஜெயிக்கப் போதாது. 2014-ல் எந்தப் பெரிய கட்சியும் சேர்த்துக்கொள்ளாததால் தனியாக நின்ற மார்க்சிஸ்ட் கட்சிக்கு டெபாசிட் கூட மிஞ்சவில்லை. அதே கட்சியின் சு. வெங்கடேசன் 2019-ல் தி.மு.க. கூட்டணியில் சுலபமாக ஜெயித்து, 2024-ல் 2 லட்சத்துக்கும் மேல் வித்தியாசம் காட்டினார். இரண்டு முறையும் ஒரே கூட்டணியில் நின்று ஜெயித்ததால், மேலே சொன்ன நால்வர் வரிசையில் அவரைச் சேர்க்க முடியாது.

கேள்வி: எங்கள் ஊர் மதுரை மாவட்டம், கலெக்டர் ஆபீஸ் மதுரையில். ஆனால் எம்.பி. விருதுநகர்க்காரர் என்கிறார்களே? (வாசகி, திருமங்கலம்)

தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, 2009-லிருந்து இப்படித்தான். மதுரை நாடாளுமன்றத் தொகுதி என்பது மேலூர், மதுரை கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு ஆகிய ஆறு சட்டசபைத் தொகுதிகள் மட்டும். திருப்பரங்குன்றமும் திருமங்கலமும் விருதுநகரோடு போய்விட்டன, சோழவந்தானும் உசிலம்பட்டியும் தேனியோடு. திருப்பரங்குன்றத்துக்காரருக்குத்தான் இதில் வருத்தம் அதிகம் இருக்கும், அவர் அதுவரை மதுரைக்கு ஓட்டுப் போட்டவர். இன்னொன்று, 2009 ஜனவரி இடைத்தேர்தலில் உங்கள் ஊர் பெயரில் ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் ஒரு 'ஃபார்முலா' நாடு முழுக்கப் பிரபலமானதே, அதையும் அழகிரியின் மதுரை வெற்றியையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். அது சட்டசபை இடைத்தேர்தல், இது நாலு மாதம் கழித்து நடந்த மக்களவைத் தேர்தல், அதில் திருமங்கலத்து ஓட்டு மதுரைக் கணக்கில் கிடையாது.

கேள்வி: கக்கன் மதுரைக்கு எம்.பி.யாக இருந்தாரா? என் பேரன் நம்ப மறுக்கிறான். (வாசகர், மேலூர்)

இருந்தார், தாராளமாகப் பேரனிடம் சொல்லுங்கள். 1952-ல் மதுரை இரட்டை உறுப்பினர் தொகுதி, ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.பி. உங்கள் மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனும், எஸ். பாலசுப்பிரமணியமும், இருவருமே காங்கிரஸ். 1957-ல் கக்கன் மாநில அரசியலுக்கு வந்து காமராஜர் மந்திரிசபையில் சேர்ந்தார், பிறகு உள்துறை வரை பார்த்தார். 1967-ல் வீசிய தி.மு.க. அலையில் மேலூரிலேயே தோற்றார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். 1939-ல் தாழ்த்தப்பட்டோருக்குக் கோயிலில் இருந்த தடையை மீறி, வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர் அவர். 1962-ல் இதே தொகுதியில் ஜெயித்த 'மதுரை காந்தி' என்.எம்.ஆர். சுப்பராமனும் அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்தான்.

கேள்வி: 1999-ல் வாஜ்பாய் அரசு ஒரு ஓட்டில் கவிழ்ந்ததற்கும் மதுரைக்கும் சம்பந்தம் உண்டா? (கல்லூரி மாணவர், அனுப்பானடி)

உண்டு. 1998-ல் அ.தி.மு.க. கூட்டணியில் மதுரையில் ஜெயித்தவர் சுப்பிரமணியன் சுவாமி, அவருடைய கட்சிக்கு அந்த மக்களவையில் இருந்த ஒரே உறுப்பினரும் அவர்தான். 1999 மார்ச்சில் டெல்லியில் தேநீர் விருந்து வைத்து ஜெயலலிதாவையும் சோனியாவையும் சந்திக்க வைத்தார். ஏப்ரல் 17-ல் ஓட்டெடுப்பு, ஆதரவாக 269, எதிராக 270. எதிராக விழுந்ததில் நம் எம்.பி.யின் ஓட்டும் ஒன்று. அவரால்தான் கவிழ்ந்தது என்று முழுப் பழியையோ முழுப் பெருமையையோ மதுரைக்குத் தர நான் தயாரில்லை, ஆதரவை விலக்கிய அ.தி.மு.க.விடம் 18 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் மறுபடி தேர்தல் வந்தபோது மதுரை மோகனைத் தேர்ந்தெடுத்தது.

கேள்வி: சித்திரைத் திருவிழா அன்றே தேர்தல் வந்தது எந்த வருஷம்? வீட்டில் ஒரே சண்டை. (வாசகி, சிம்மக்கல்)

2019, ஏப்ரல் 18. காலையில் மீனாட்சி தேரோட்டம், மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார், நடுவில் ஓட்டு. தேதியை மாற்றக் கோரி ஹைகோர்ட் வரை போனார்கள், மாற்றவில்லை. அதற்குப் பதிலாக மதுரையில் மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப்பதிவு நேரத்தை நீட்டினார்கள். 2024 என்று சொன்னவர் தோற்றார், அந்த வருஷம் ஏப்ரல் 19-ல் ஓட்டு, அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் திருக்கல்யாணம்.