சத்தத்தை வைத்தே எந்தத் தவளை என்று சொல்ல முடியுமா?

முடியும். மழை பெய்த ராத்திரியில் நாலைந்து விதமாகக் கத்துகிறது என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். கண்மாய் ஓரத்து பிளாட்டில் புதிதாகக் குடிவந்தவர் போல. அழகர்கோவில் ரோட்டில் என் வீடும் அப்படித்தான். நான் விலங்கியல் படித்தவனில்லை, ரிட்டையர் ஆன வங்கி ஊழியன். திருத்தம் சொல்ல வருகிறவர்கள் ஒரு ராத்திரி கரையில் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.

போன ஐப்பசியில் எதிர்வீட்டு பாத்ரூமில் இருட்டினால் 'டக், டக், டக்'. பைப்பில் காற்று அடைக்கிறது என்று பிளம்பர் டைல்ஸை உடைத்துப் பார்த்தார். எனக்கு முதல் நாளே தெரியும், யார் கேட்டார்கள்? "அண்ணே, அது மரத்தவளை" என்றதற்குச் சிரித்தார். டார்ச்சை வாங்கி ஓவர்ஃப்ளோ பைப் வாயில் அடித்தேன். பழுப்பு உடம்பு, விரல் நுனியெல்லாம் வட்டத் திட்டு, ஒவ்வொரு 'டக்'குக்கும் தொண்டை உப்பி அடங்குகிறது. தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்த வெள்ளை நுரைக்கூட்டையும் காட்டினேன். தலைப்பிரட்டை அதிலிருந்துதான் தண்ணீருக்குள் விழும். பிளம்பர் கூலி போனது போனதுதான்.

மற்றதும் கஷ்டமில்லை. 'கிர்ர்ர்ர்' என்று நீட்டினால் தேரை. சீப்புப் பல்லில் நகத்தை இழுத்த மாதிரி கேட்டால் மைக்ரோஹைலா என்கிற குட்டித் தவளை; கட்டைவிரல் அகலம்தான் இருக்கும், கத்தலோ தெருவுக்கே கேட்கும். வயலில் 'வ்வாங்' என்று கனமாகக் கத்துவது பெரிய தவளை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மஞ்சளாகிவிடும், தொண்டைப் பைகள் நீலம். இதன் காலைத்தான் வெளிநாட்டுக்குக் கப்பலேற்றினார்கள், 1987-ல் தடை வந்தது. இப்படிக் கூப்பாடு போடுவதெல்லாம் ஆண்கள்தான்.

ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் தனியாகப் போகாதீர்கள். கிட்டே போனதும் எல்லாம் கப்சிப் ஆகிவிடும். டார்ச்சை அணைத்துவிட்டு நின்றால் திரும்ப ஆரம்பிக்கும். ஒரே குரலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேர் தள்ளித் தள்ளி நின்று அது வரும் திக்கில் டார்ச் அடியுங்கள். இரண்டு வெளிச்சமும் வெட்டுகிற இடத்தில் தேடுங்கள். தவளை இருக்கிற இடத்துக்குப் பாம்பும் வரும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் பதிவு செய்து ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்கிற இணையதளத்தில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்திலோ, தூக்கம் போகிறது, பிளீச்சிங் பவுடர் கொட்டுங்கள் என்கிறார்கள். தண்ணீர் தேங்குகிற மாதிரி வரத்து வாய்க்காலை மறித்துக் கட்டியது யார்? வடிகால் போட வீட்டுக்கு வீடு வசூலித்த பணத்துக்கு இன்னும் கணக்கு வரவில்லை. கேட்டால், "அங்கிள், நீங்க தவளையைப் பத்தி மட்டும் போடுங்க" என்று குரூப்பில் பதில் வருகிறது.