ஒட்டுறவு 0.42 வந்துவிட்டது, அடுத்து எந்தப் பன்மாறி முறை?

கேள்வி: உளவியல் முதுகலை ஆய்வேட்டுக்காகக் கடலூர், புதுச்சேரிக் கல்லூரி மாணவர்கள் 150 பேரிடம் படிவம் நிரப்பி வாங்கினேன். தினமும் போன் பார்க்கும் நேரத்துக்கும் தூக்கக் குறைவு மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு (கோரிலேஷன், இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) 0.42 வருகிறது. "இது மட்டும் போதாது, பன்மாறி முறை ஏதாவது போடு" என்கிறார் கைடு. எதைப் போடுவது?

மஞ்சக்குப்பத்தில் ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லித் தருகிறவன் நான். இந்தக் கேள்வி ஒவ்வொரு வருஷமும் வரும். முறையின் பெயர் மட்டும் வேண்டும் என்றால் பன்மடங்குத் தொடர்புப்போக்கு, அதாவது மல்டிபிள் ரெக்ரஷன்: ஒரு மாறியைப் பல மாறிகளைக் கொண்டு ஒரே சமயத்தில் விளக்கும் முறை. தூக்கக் குறைவு ஒரு பக்கம், போன் நேரமும் மற்ற மாறிகளும் மறுபக்கம். அந்த "மற்ற மாறிகள்" எவை என்பதில்தான் வில்லங்கமே இருக்கிறது. அதை எந்த மென்பொருளும் சொல்லாது.

முதலில் அந்த 0.42. இதை வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 0.18. மாணவர்களுக்கிடையே தூக்கத்தில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 18 சதவீதம்தான் போன் நேரத்தோடு சேர்ந்து போகிறது. 150 பேர் என்பதால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான ஒட்டுறவு இருக்கக்கூடிய எல்லை, 0.28-இலிருந்து 0.54 வரை விரிகிறது. இதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். பி மதிப்பை (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு ஒட்டுறவு தற்செயலாக வரும் வாய்ப்பு) மட்டும் எழுதி, அது சிறியது என்று காட்ட நட்சத்திரம் போட்டு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மாணவரையும் ஒரு புள்ளியாகக் குறிக்கும் சிதறல் வரைபடமும் கட்டாயம். 1973-இல் புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம்ப் நான்கு சிறு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். நான்கிலும் ஒட்டுறவு 0.816, தொடர்புப்போக்குக் கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று ஒழுங்கான சிதறல், இன்னொன்று வளைவு, மற்ற இரண்டில் ஒரே ஒரு புள்ளி கோட்டையே இழுத்துக்கொண்டு போகிறது.

இப்போது உங்கள் மாணவர்களை யோசியுங்கள். பண்ருட்டியிலிருந்தோ நெல்லிக்குப்பத்திலிருந்தோ புதுச்சேரிக் கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர் எத்தனை பேர்? அவர்கள் விடியலிலேயே எழுந்தாக வேண்டும், தூக்கம் குறையும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போகும்போதும் வரும்போதும் கையில் போன், அந்த நேரமும் கணக்கில் ஏறும். கல்லூரிக்கு நடந்து போகிறவருக்கு இரண்டுமே கிடையாது. ஆக, போன் யாருடைய தூக்கத்தையும் கெடுக்காவிட்டாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். பயண நேரம் என்ற மூன்றாவது ஆள் பின்னால் நின்று இரண்டையும் ஆட்டுகிறான்.

ஒரு கணக்குக்காக, பயண நேரத்துக்கும் போனுக்கும் ஒட்டுறவு 0.6, பயண நேரத்துக்கும் தூக்கக் குறைவுக்கும் 0.6 என்று வைத்துக்கொள்வோம். பயணத்தின் பங்கை நீக்கிய பகுதி ஒட்டுறவு எவ்வளவு? 0.42-இலிருந்து 0.36-ஐக் (0.6 × 0.6) கழித்து 0.64-ஆல் (1 - 0.36) வகுக்க வேண்டும். விடை 0.09. உங்கள் முழு ஆய்வேடும் நிற்கும் அந்த 0.42 கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது! உங்கள் தரவில் இப்படித்தான் ஆகும் என்று சொல்லவில்லை. ஆகுமா என்று பார்க்காமல் முடிவுரை எழுதக் கூடாது.

சரி, அப்படியானால் கையில் கிடைத்த மாறிகளையெல்லாம் உள்ளே தள்ளிவிடலாமா? கூடாது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். படுக்கப் போகும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போன் பார்ப்பதால்தான் ஒருவர் தாமதமாகப் படுக்கிறார், அதனால்தான் தூக்கம் குறைகிறது என்றால் அந்த நேரம் போனிலிருந்து தூக்கக் குறைவுக்குப் போகும் வழியில் உள்ள ஒரு படி. அதை ரெக்ரஷனில் சேர்த்தால் நீங்கள் தேடுகிற விளைவையே நீங்களே துடைத்துவிடுவீர்கள். அப்புறம் "போனுக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதுவீர்கள். அபத்தம்.

இன்னொரு வகை இதைவிட மோசம். வருகைப்பதிவு குறைந்தவர்களிடம் மட்டும் படிவம் வாங்கினால் என்ன ஆகும்? வருகை குறையப் போனும் காரணமாகலாம், தூக்கமின்மையும் காரணமாகலாம். அந்தக் கூட்டத்தில் போன் அதிகம் பார்க்காத ஒருவர் இருந்தால், அவர் தூக்கமில்லாதவராக இருக்கும் வாய்ப்பு கூடும். உண்மையில் இல்லாத ஓர் எதிர் ஒட்டுறவு அங்கே முளைத்துவிடும். எல்லா மாணவர்களிடமும் வாங்கிய தரவிலும், வருகை சதவீதத்தை ரெக்ரஷனில் ஒரு மாறியாகச் சேர்த்தால் இதே கோளாறுதான்.

ஆகவே கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் மாறிகளை எழுதி, எது எதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அம்புக்குறி போடுங்கள். கினிப்பன்றிகளின் மரபியலை ஆராய்ந்த ஸீவால் ரைட், பாதைப் பகுப்பாய்வு என்ற பெயரில் 1921-லேயே இதைச் செய்து காட்டினார். அம்பு எந்தப் பக்கம் என்பது ஆய்வாளர் முன்கூட்டி அறிந்ததிலிருந்து வர வேண்டும், எண்களிலிருந்து அது தானாக வராது. போன், தூக்கம் இரண்டுக்கும் பொதுக் காரணமாக இருப்பதைச் சேருங்கள், இடைவழியில் இருப்பதையும் இரண்டின் விளைவையும் விடுங்கள்.

உங்கள் படிவத்தில் எத்தனை கேள்விகள் என்று சொல்லவில்லை. 20 என்று வைத்தால் 190 ஜோடிகள். எந்தத் தொடர்பும் இல்லாத வெற்று எண்களிலும் 5 சதவீத மட்டத்தில் சுமார் ஒன்பது பத்து ஜோடிகள் நட்சத்திரத்தோடு வந்து நிற்கும். பெரிய ஒட்டுறவு அட்டவணையைப் போட்டுவிட்டு நட்சத்திரம் விழுந்ததை மட்டும் பொறுக்கி எழுதுவது ஆராய்ச்சி ஆகாது.

நம்பகத்தன்மையையும் பாருங்கள். இரண்டு அளவுகோல்களுக்கும் ஆல்ஃபா (ஒரு அளவுகோலின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) 0.6 என்றால், உண்மையான ஒட்டுறவு 0.5 ஆக இருந்தாலும் உங்கள் அட்டவணையில் 0.3-தான் தெரியும். கேள்விகள் சரியில்லாதபோது அதன்மேல் எவ்வளவு பெரிய பன்மாறி முறையைப் போட்டும் பயனில்லை.

காரணிப் பகுப்பாய்வு போடச் சொன்னால்? அது பல கேள்விகளைச் சில தொகுதிகளாகச் சுருக்க உதவும், எது எதற்குக் காரணம் என்று சொல்லாது. 1904-இல் உளவியலாளர் ஸ்பியர்மேன், பல பாடங்களின் மதிப்பெண்களுக்குள் இருந்த ஒட்டுறவைப் பார்த்து, பின்னால் ஒரே பொது அறிவுத்திறன் இருக்கிறது என்றார். பின்னர் 1916-இல் இன்னொரு உளவியலாளர் காட்ஃப்ரி தாம்சன், அப்படி ஒன்று இல்லாமலே, நிறையச் சிறு திறன்கள் கலந்தாலே அதே மாதிரி ஒட்டுறவுகள் வரும் என்று காட்டினார். ஒரே அட்டவணைக்கு இரண்டு கதை. மென்பொருள் "காரணி 1" என்று அச்சடித்ததற்காக அதற்கு உடனே "போன் அடிமைத்தனம்" என்று பெயர் சூட்டிவிடாதீர்கள்.

கடைசியாக, கல்லூரி வாரியாகச் சராசரி எடுத்து அந்தச் சராசரிகளுக்குள் ஒட்டுறவு பார்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பை வைத்து 1950-இல் சமூகவியலாளர் ராபின்சன் காட்டியது இது: வெளிநாட்டில் பிறந்தவர் பங்கும் எழுத்தறிவின்மையும் மாநில அளவில் ஒட்டுறவு -0.53, அதையே தனிநபர் அளவில் பார்த்தால் +0.12. குறியே மாறிவிட்டது.

உங்கள் படிவத்தில் பயண நேரம் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், யாரும் கேட்பதில்லை. சொந்த ஊர், விடுதியா வீடா என்ற விவரம் முதல் பக்கத்தில் இருக்கும். பயண நேரத்துக்குப் பதிலாக, விடுதிக்காரர்களுக்குத் தூரம் பூஜ்யம், மற்றவர்களுக்கு ஊரிலிருந்து கல்லூரிக்குக் கிலோமீட்டர் என்று ஒரு பத்தியை எக்செலில் சேருங்கள். ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், அதில் ஒருமுறை தூரம் இல்லாமலும் ஒருமுறை தூரத்தோடும் ரெக்ரஷன் ஓட்டுங்கள். இரண்டிலும் போன் நேரத்தின் குணகம் (போன் நேரம் ஓர் அலகு கூடினால் தூக்கக் குறைவு எவ்வளவு கூடும் என்ற எண்) என்ன ஆகிறது என்று பின்னூட்டத்தில் போடுங்கள், மேற்கொண்டு பேசலாம்.