350 ரூபாய்க்கு ஹொரைசன் 5: தக்கலை வாசகருக்குப் பதில்

தக்கலையிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகன் ஃபோர்ஸா ஹொரைசன் 4 என்ற கார் ரேஸ் கேமை ஆடி முடித்துவிட்டு அடுத்த பாகம் வேண்டும் என்று நிற்கிறான். ஆடிப் பார்த்தவர்களில் ஒருவர் "இதுவரை வந்ததிலேயே இதுதான் டாப்" என்கிறார். இன்னொருவர் "ரோடெல்லாம் மங்கலாத் தெரியுது, ரேஸ் நடுவுல ஆஃப் ஆகுது, பழசே மேல்" என்கிறார். வீட்டில் இருப்பது ஐ5-4590 பிராசசர், 8 ஜிபி ரேம், 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க். மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்காரர் 6,500 ரூபாய்க்குப் பழைய ஆர்எக்ஸ் 580 கார்டு போட்டு, மேலே 350 ரூபாய் கொடுத்தால் கேமையும் "அக்கவுண்டோடு" ஏற்றித் தருவதாகச் சொல்கிறாராம். வாங்கலாமா?

கார்டைச் சோதித்து வாங்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் தரும் பெட்டி) பார்க்காமல் வாங்காதீர்கள். அந்த 350 ரூபாய் அக்கவுண்ட் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

ஆடியவர்கள் சொல்லும் குறைகளில் கேமின் குறை எது, கம்ப்யூட்டரின் குறை எது என்று முதலில் பிரிக்க வேண்டும். உண்மையிலேயே கேமைச் சேர்ந்தவை சில உண்டு. நாலாம் பாகம் பிரிட்டனில் நடக்கிறது. இரண்டு பக்கமும் கல்மதில் வைத்த ஒடுங்கிய பாதைகள், குளிர்காலம் வந்தால் ஊரே பனி, ஏரி உறைந்து அதன் மேலேயே கார் ஓடும். 2021 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகம் மெக்சிகோவில். வரைபடம் பெரிது, ஆனால் பாலைவனமும் வெட்டவெளியும் நிறைய; பனி எரிமலை உச்சியில் மட்டும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு வண்டி ஓட்டுவதற்கும், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே நான்குவழிச் சாலையில் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. வளைவு பிடித்து ஓட்டுகிற பையனுக்கு நாலாம் பாகமே இனிக்கும். வேகம் பிடித்தவனுக்கு ஐந்தாம் பாகம். கார்களை வாரி வழங்குவதால் சம்பாதித்து வாங்கிய மகிழ்ச்சி இல்லை, வாரா வாரம் வராவிட்டால் சில கார்கள் கை நழுவிப் போகின்றன என்பதும் நியாயமான குறைகளே.

"ரோடு மங்கலா இருக்கு" என்பது கேமின் குறை இல்லை. மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும்போது முன்னால் வரும் ரோடு, மரம், கட்டடம் எல்லாவற்றையும் டிஸ்கிலிருந்து நொடிக்கு நொடி படித்துக்கொண்டே இருக்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் அந்த வேகத்துக்கு வராது. முதலில் ரோட்டின் மேற்பரப்பு மெழுகு போலத் தெரியும், பிறகு ஆட்டம் விக்கி விக்கி நிற்கும், திரையில் எச்சரிக்கையும் வரும். கார்டில் 2 ஜிபி நினைவகம் மட்டும் இருந்தாலும் இதே கதை. இந்தக் கேமுக்குக் குறைந்தபட்சம் கேட்பது ஐ5-4460 பிராசசர், 8 ஜிபி ரேம், 4 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 970 அல்லது ஆர்எக்ஸ் 470 கார்டு, 110 ஜிபி இடம். உங்கள் பிராசசர் தேறிவிடும். கார்டு தேறாது. டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும்.

ஆகவே முதல் செலவு கார்டு இல்லை, 500 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்க்). உங்கள் பிராசசர் தலைமுறையின் மதர்போர்டுகள் பலவற்றில், டிஸ்க்கை இணைக்கும் சாட்டா போர்ட்டுகளில் வேகமான சாட்டா போர்ட்டும் மெதுவான சாட்டா போர்ட்டும் கலந்திருக்கும். பெரும்பாலும் நிறத்தால் பிரித்திருப்பார்கள், பக்கத்தில் சின்ன எழுத்திலும் அச்சிட்டிருக்கும். எஸ்எஸ்டியை 6 ஜிபி என்று குறித்த போர்ட்டில் மாட்டச் சொல்லுங்கள். அதோடு இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3 ரேம் குச்சியும் சேர்த்தால் ஆட்டம் நன்றாக நிதானப்படும்.

"நடுவுல ஆஃப் ஆகுது" என்பதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கேம் தானாக மூடிக்கொண்டு டெஸ்க்டாப் திரை வந்தால் அது பெரும்பாலும் சாஃப்ட்வேர் கோளாறு. கம்ப்யூட்டரே மொத்தமாக அணைந்தாலோ, தானாக ரீஸ்டார்ட் ஆனாலோ பெரும்பாலும் கரண்ட் போதவில்லை என்று பொருள். கேமை நூறு தடவை அழித்து ஏற்றினாலும் அது தீராது.

சிபியுவின் பக்கமூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். மேலே பெரிதாக 450 வாட் என்று போட்டிருக்கும். அதை விடுங்கள். கீழே உள்ள கட்டத்தில் +12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால், 12-ஐ 16-ஆல் பெருக்க 192 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்தக் கணக்கிலிருந்துதான். உங்கள் பிராசசர் 84 வாட், ஆர்எக்ஸ் 580 சுமார் 185 வாட். கூட்டினால் 269. 192 இருக்கும் இடத்தில் 269 கேட்டால் ரேஸ் தொடங்கும் நொடியில் இருட்டுதான். பெயருள்ள கம்பெனியின் 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் +12 வோல்ட் வரிசை மட்டுமே 400 வாட்டுக்கு மேல் தரும். கார்டுக்கான 8 பின் கனெக்டர் அதிலேயே இருக்க வேண்டும். மோலெக்ஸ் என்ற பழைய 4 பின் வயரை முறுக்கி அடாப்டர் போட்டுத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்த வயர் சூடேறி உருகும்.

வீட்டில் 600 விஏ யூபிஎஸ் இருந்தால் அது தாங்குவது பெரும்பாலும் 360 வாட் வரைதான். மானிட்டரையும் சேர்த்தால் எல்லைக்கு வந்துவிடும், கரண்ட் போன நொடியில் கத்திக்கொண்டே அணைந்துவிடும். இன்வெர்ட்டர் லைனில் போட்டிருந்தால் பின்பக்க சுவிட்ச் யூபிஎஸ் என்ற நிலையில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். ஐப்பசி இடிக்கும், சித்திரை வைகாசிக் கோடை இடிக்கும் நம் மாவட்டத்தில் பிளக்கைப் பிடுங்குவது போதாது, மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும் பிடுங்குங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது. மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருப்பது செம்பு.

இனி அந்த ஆர்எக்ஸ் 580. நல்ல கார்டுதான், ஆனால் அந்தப் பெயரில் இரண்டு சரக்கு உண்டு. ஒரிஜினலில் 2304 ஷேடர்கள் (படத்தை வரையும் சின்னக் கணக்கு அலகுகள்). 2048 எஸ்பி என்ற இன்னொன்று உண்டு. அது உண்மையில் ஆர்எக்ஸ் 570, பெயர் மட்டும் 580. கடையில் வைத்தே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறக்கச் சொல்லி, ஷேடர்ஸ் என்ற கட்டத்தில் உள்ள எண்ணை நீங்களே படியுங்கள். 2048 என்றிருந்தால் 570-க்கான விலைதான் கொடுக்க வேண்டும். நினைவகம் 4 ஜிபியா 8 ஜிபியா என்பதும் அங்கேயே தெரியும். பிறகு பின் தகட்டின் திருகுகள், எச்டிஎம்ஐ வாய், பிசிஐ தங்கப்பற்கள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் ஓடிய கார்டென்றால் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். அப்படிப் பூத்த கார்டை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வாங்க வேண்டாம். கடைசியாக, கடையிலேயே இருபது நிமிடம் ஏதாவது கேமை ஓடவிட்டு இரண்டு ஃபேனும் சுழல்கிறதா, திரையில் புள்ளியோ கோடோ வருகிறதா என்று பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டிக்காட்ட மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

எஸ்எம்பிஎஸ் மாற்றும் எண்ணமே இல்லையென்றால் ஜிடிஎக்ஸ் 1650 பாருங்கள். 75 வாட்தான், பல மாடல்களுக்குத் தனி வயரே வேண்டாம், 1080பி திரையில் மீடியம் படத்தரத்தில் சமாளிக்கும். "புது மாடல் சார்" என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை நீட்டினால் வாங்காதீர்கள். அது மதர்போர்டோடு நான்கே பாதைகளில் (லேன்) பேசும் கார்டு. உங்கள் பழைய போர்டில் மூச்சுத் திணறும்.

இப்போது 350 ரூபாய் விஷயம். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினாலும் ஹொரைசன் 5 ஒரு மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்துதான் திறக்கும். பையன் சேர்க்கும் கார், பணம், லெவல் எல்லாம் அந்த அக்கவுண்டில்தான் ஏறும். கடைக்காரர் தருவது யாரோ ஒருவருடைய அக்கவுண்ட். அதே அக்கவுண்டை இன்னும் பலருக்கு ஏற்றியிருப்பார். "ஆஃப்லைன் மோடில் மட்டும் ஆடணும், நெட் போடாதீங்க" என்று அவர் சொல்வது அதனால்தான். அசல் ஆள் பாஸ்வேர்டை மாற்றிய அன்றைக்கு மூன்று மாத உழைப்பும் போய்விடும். திருடிய அக்கவுண்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். கோடிக்கணக்கில் கேம் பணம் நிரப்பிய "மாட் அக்கவுண்ட்" என்பது விதிமீறல், பிடிபட்டால் தடை. கிராக் காப்பி என்றால் ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். நீங்கள் பேங்க் வேலை பார்க்கும் அதே கம்ப்யூட்டரில் ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்பவரிடமிருந்து சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த அக்கவுண்டின் மெயிலையும் பாஸ்வேர்டையும் நான் மாற்றிக்கொள்ளலாமா?" முடியாது என்றால் நீங்கள் வாங்கவில்லை, வாடகைக்கு எடுக்கிறீர்கள்.

சொந்த அக்கவுண்ட் ஏன் முக்கியம் என்பதற்கு நாலாம் பாகமே சாட்சி. கார் கம்பெனிகளோடும் பாட்டுக் கம்பெனிகளோடும் போட்ட உரிம ஒப்பந்தங்கள் முடிந்ததால் 2024 டிசம்பர் 15-இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் பாகம் 2020 செப்டம்பரிலேயே போய்விட்டது. முன்பே சொந்தமாக வாங்கியவர்கள் இன்றும் இறக்கி ஆடுகிறார்கள். புதிதாக யாரும் வாங்க முடியாது. ஐந்தாம் பாகத்துக்கும் ஒருநாள் இது வரும். முழு விலை வாங்கிக்கொண்டு விற்கும் பொருளுக்கு, இந்தத் தேதியோடு கடை மூடுகிறோம் என்று வாங்கும்போதே பெட்டியில் எழுதி வைக்க இவர்களுக்கு என்ன கேடு? இதே போன்ற திறந்தவெளி ரேஸ் கேமான தி க்ரூவின் முதல் பாகத்துக்கு 2024 மார்ச் 31-இல் சர்வரையே அணைத்தார்கள். பணம் கொடுத்து வாங்கியவர்களும் அதைத் திறக்க முடியவில்லை. அக்கவுண்டில் ஒருமுறை நுழைந்த பிறகு ஹொரைசன் 5-ஐத் தனியாக ஆட நெட் வேண்டாம் என்பது அந்த அளவில் ஆறுதல்.

எதை வாங்குவது? ஸ்டாண்டர்ட், டீலக்ஸ், பிரீமியம் என்று ஒரே கேமை மூன்று பெயரில் வைத்து ஆளைக் குழப்புகிறார்கள். ஸ்டாண்டர்ட் போதும். ஹாட் வீல்ஸ், ராலி அட்வென்ச்சர் என்ற இரண்டு கூடுதல் பகுதிகளைப் பிறகு தனியே வாங்கலாம். ஸ்டீமில் அடிக்கடி தள்ளுபடி வரும், யூபிஐயும் எடுத்துக்கொள்வார்கள்.

சொந்தமாக வாங்காமலே நியாயமாக ஆட ஒரு வழி உண்டு: மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் மாதச் சந்தா. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சந்தாவில் ஆடுவது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் பதிப்பு. ஒரு மாதம் ஆடிப் பிடித்துப்போய், தள்ளுபடியைப் பார்த்து ஸ்டீமில் வாங்கினால், அதே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தாலும் சேர்த்த கார் எதுவும் அங்கே வராது; முதல் ரேஸிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே சந்தாவில் தொடங்கினால் பிறகு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே வாங்குங்கள். ஸ்டீமில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், சந்தா மாதத்தைக் கேம் பிடிக்கிறதா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். கூடுதல் பகுதிகளுக்கும் இதே விதி. ஸ்டோரில் வாங்கிய ஹாட் வீல்ஸ் ஸ்டீம் பதிப்பில் திறக்காது. சந்தா முடிந்தால் கூடுதல் பகுதி உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் மூலக் கேம் இல்லாமல் அதை ஆட முடியாது. சேர்ந்த அன்றைக்கே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள்.

110 ஜிபி இறக்க 40 எம்பிபிஎஸ் ஃபைபரில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போனின் நாளைக்கு 2 ஜிபி டேட்டாவில் 55 நாள், நினைக்கவே வேண்டாம். எஸ்எஸ்டியில் 150 ஜிபி காலியாக வைத்திருங்கள், அப்டேட் வரும்போது கூடுதல் இடம் கேட்கும். தெரியாமல் பழைய ஹார்ட் டிஸ்கில் இறக்கியிருந்தால் மறுபடி இறக்க வேண்டாம். ஸ்டீமில் கேமின் பெயரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் இன்ஸ்டால் ஆன ஃபைல்கள் பகுதிக்குப் போய் எஸ்எஸ்டிக்கு மாற்றலாம்.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். முதல் தடவை திறக்கும்போது கேம் தன் கிராஃபிக்ஸைத் தயார் செய்யும் நேரமும் இந்த இரண்டு மணியில் கழியும். எனவே பையனைக் கார் வாங்க விடாமல், நேரே கிராஃபிக்ஸ் செட்டிங்கில் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையை ஓட்டச் சொல்லுங்கள். மீடியத்தில் நொடிக்கு 60-ஐ ஒட்டி ஃபிரேம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 30-க்குக் கீழே போனால் அன்றைக்கே திருப்பிவிடுங்கள்.

ஜப்பானைக் களமாகக் கொண்ட ஆறாம் பாகத்தை 2025 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் அறிவித்தார்கள். ஐந்தை விட்டு அதற்கே போகலாமே என்று கேட்டால், இந்தக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நன்றாக ஓடும் நாலாம் தலைமுறைப் பிராசசருக்கு விண்டோஸ் 11 கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் கைவிரித்துவிட்டது.

மகனுக்குப் புது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் திறக்கும்போது சரியான பிறந்த தேதியையே கொடுங்கள். பதினெட்டு நிறையாததால் ஆன்லைன் ரேஸுக்குத் தடை விழலாம். அப்போது "கேம் டூப்ளிகேட்" என்று கடைக்கு ஓடாமல், உங்கள் அக்கவுண்டிலிருந்து அவனை ஃபேமிலி குரூப்பில் சேர்த்து, எக்ஸ்பாக்ஸ் பிரைவசி பகுதியில் மல்டிபிளேயருக்கு அனுமதி கொடுங்கள். ஃபேமிலி குரூப்பிலேயே, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அவன் வாங்குவதற்கு உங்கள் ஒப்புதல் தேவை என்பதையும் போட்டுவிடுங்கள்.