விளையாட்டுப்போட்டிக்கும் கோயில் பொங்கலுக்கும் சோனி சிஎக்ஸ்405 வீடியோ கமரா காணுமோ?

கேட்டவர் முல்லைத்தீவுக்காரர், பாடசாலை விளையாட்டுப்போட்டியும் இரவுப் பொங்கலும் எடுக்க வேண்டுமாம்.

பகலுக்குத் தாராளமாகக் காணும். 30 மடங்கு ஒப்டிகல் சூம் உண்டு. கயிற்றுக்கு வெளியே நின்றே அஞ்சலோட்டத்தில் கோல் கைமாறுவதை எடுக்கலாம்.

இரவில்தான் சறுக்கும். வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லான இதன் சென்சர் 1/5.8 அங்குல வகை. சின்னிவிரல் நகத்திலும் சிறியது. போதாக்குறைக்கு, சூம் பண்ணப் பண்ண லென்ஸின் வாய் எஃப்1.8 இலிருந்து எஃப்4 வரை சுருங்கும்; உள்ளே போகும் வெளிச்சம் ஐந்தில் ஒன்றாகிவிடும். வற்றாப்பளை அம்மன் கோயிலில் பின்வரிசையில் நின்று பொங்கல் பானையை இழுத்து எடுத்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். சூமை முழுக்கக் குறைத்துக்கொண்டு கிட்டப் போங்கள்.

வெளி மைக் செருக இடமில்லை, இதுதான் பெரிய குறை. பறையும் லவுட்ஸ்பீக்கரும் சேர்ந்தால் சத்தம் பிளக்கும். கைபேசியில் தனியாகப் பதிந்து, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டை வைத்துப் பொருத்தலாம்.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்புவதென்றால் கவனம். அங்கத்தைய கமரா செக்கனுக்கு 60 பிரேம் கணக்கு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப்லைட்டின் கீழ் படம் மினுங்கும். 50 கணக்கில் எடுக்கும் பால் (PAL) மொடல்தான் வேண்டும்.

கூடிய தரத்தில் (செக்கனுக்கு 50 மெகாபிட்) ஒரு மணித்தியாலத்துக்கு 22 ஜிபிக்கு மேல் போகும், 64 ஜிபி மைக்ரோ எஸ்டி வாங்குங்கள். லென்ஸில் படியும் கிரவல் தூசியை முதலில் ஊதுங்கள், பிறகு துடையுங்கள்.