காட்டுக்குள் எதற்கு மணி?

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளிக்கு ஊரைவிட்டுத் தள்ளி, மலையடிவாரத்தில் வெளிப்புறக் கல்வி மையம் ஒன்று இருக்கிறது. ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்து நாள் அங்கே போய்த் தங்குவார்கள். அந்த மையத்துக்கு இந்த ஆண்டு வெள்ளி விழா. விழா மலரைத் தொகுக்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. முன்னுரையில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. "ஐந்து நாள் பாடம் போகிறதே, இதனால் மதிப்பெண் கூடுமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். கொசு, செல்போன், பாதுகாப்பு என்று புகார்களும் உண்டு. எங்கள் முகாமின் கால அட்டவணையை உங்கள் பார்வைக்கு இணைத்திருக்கிறேன். ஒரு நிமிடம்கூட வீணாகாதபடி போட்டிருக்கிறோம். விழாவையொட்டித் தங்குமிடத்தைப் புதுப்பித்து, சுற்றிலும் டைல்ஸ் போடப் போகிறோம். மலருக்கு நீங்கள் ஏதாவது சொன்னால் உதவியாக இருக்கும்.

வ.

அன்புள்ள வ.,

இரண்டு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மாணவர் முகாமில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி. எதிரே ஓடை, பாறை, தண்ணீருக்கு மேலே தாழப் பறந்துகொண்டிருந்த தும்பிகள். அவள் ஒரு நிமிடம் பார்த்திருப்பாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அடுத்து என்ன சார்?" என்று கேட்டாள். குரலில் சலிப்பில்லை, பயம்தான் இருந்தது. எங்கேயோ போயிருக்க வேண்டிய நேரத்தில் இங்கே உட்கார்ந்திருக்கிறோமோ என்ற பயம். அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை.

மதிப்பெண் கூடுமா என்ற கேள்விக்கு மலரில் ஒரு வரிகூட ஒதுக்காதீர்கள். "கூடும்" என்று சொல்லிவிட்டால், கூடாத வருஷம் மையத்தை மூடச் சொல்வார்கள். உறுதியான பயன் ஏதாவது வேண்டும் என்று பெற்றோர் கேட்டால் கண்ணைப் பற்றிச் சொல்லுங்கள். சீனாவின் குவாங்சௌ நகரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாளில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருக்கவைத்து மூன்று வருஷம் கவனித்தார்கள். முடிவு 2015-ல் வெளியானது. மற்றப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்த பிள்ளைகள் 39.5 சதவீதம், வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம். வானத்துக்குக் கீழே நிற்பதைத் தவிர அந்தப் பிள்ளைகள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கொசுவுக்கு வலை கட்டுங்கள். செல்போனை வாசலிலேயே வாங்கி வையுங்கள். அதில் பேச ஒன்றுமில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்கிற பெற்றோரை மட்டும் புகார் சொல்கிறவர்களின் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர்கள் கேட்பது நியாயம். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில், ஒரு சாகச மையத்தின் பயிற்சியாளர்களோடு கயாக் என்ற சிறு துடுப்புப் படகுகளில் கடலுக்குப் போன பள்ளிப் பிள்ளைகளில் நான்கு பேர் இறந்துபோனார்கள். பயிற்சியாளர்களுக்குப் போதிய அனுபவம் இல்லை. படகுகள் திரும்பி வராதது தெரிந்தும் உதவி கேட்பதில் தாமதம். அந்த நான்கு சாவுக்கு அப்புறம்தான், 1995-ல், பிள்ளைகளுக்கான சாகச மையங்களை ஒழுங்குபடுத்த அங்கே தனிச் சட்டம் வந்தது. உங்கள் மையத்தில் யாருக்கு முதலுதவி தெரியும், ஓடையில் தண்ணீர் ஏறினால் யார் முடிவெடுப்பது, பிள்ளைகளைத் தலை எண்ணுவது யார், இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுங்கள்.

இப்போது அந்தக் கால அட்டவணைக்கு வருகிறேன். கோபமாகத்தான் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்தரைக்கு மணி. ஆறுக்கு உடற்பயிற்சி. ஏழே காலுக்கு "இயற்கையோடு உரையாடல்", முப்பது நிமிடம். அதற்கு ஒரு மணி. கயிறு ஏற்றம் நாற்பத்தைந்து நிமிடம், அதற்கொரு மணி. இரவு ஒன்பதரை வரை பதினான்கு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாசிரியர். ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். வகுப்பறையைவிட்டு இத்தனை தூரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், வகுப்பறையில் எது பிள்ளையை நெரிக்கிறதோ அதையே கையோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்களே, ஏன்? மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் வியந்து, மணி அடித்தால் அந்த வியப்பை அப்படியே போட்டுவிட்டு அடுத்த வியப்புக்கு ஓடுவதா? அந்த ஓடைக்கரைப் பெண்ணை "அடுத்து என்ன?" என்று கேட்க வைத்தது இப்படிப்பட்ட அட்டவணைதான். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இந்த வகை முகாம்களுக்கு முன்னோடியாக எல்லோரும் சொல்வது 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் நடத்திய முகாமை. சுமார் இருபது பையன்கள். பாதிப் பேர் பணக்காரப் பள்ளிகளில் படித்தவர்கள், மீதிப் பேர் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். அவர் ராணுவத்துக்காரர், ஒழுங்கு இல்லாமல் ஒரு வேலையும் செய்யாதவர். அவர் போட்ட நாள் திட்டத்தில்கூட மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கட்டாய ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. ராணுவத்துக்காரருக்குத் தெரிந்தது ஆசிரியர்களான நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

நான் எதிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதின்மூன்று வயசு இருக்கும்போது பள்ளியில் இப்படி ஒரு முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். நான்கு நாள். மூன்று நாள் என்ன செய்தோம் என்பது இன்றைக்கு என் நினைவில் இல்லை. ஏதோ ஏறினோம், ஏதோ கட்டினோம், பாட்டுப் பாடினோம். நான்காம் நாள் காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மலையேற்றம் ரத்து. ஓடு வேய்ந்த கொட்டகையின் தாழ்வாரத்தில் முப்பது பேரும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தோம். முதல் அரைமணி நேரம் ஒரே கூச்சல், அப்புறம் சண்டை. அப்புறம் அதுவும் அலுத்துப்போய் எல்லோரும் அடங்கிவிட்டோம்.

என் காலடியில் மண் மாவு மாதிரி உலர்ந்து கிடந்தது. அதில் சின்னச் சின்னக் குழிகள். புனலைக் கவிழ்க்காமல் நட்டுவைத்த மாதிரி, வாய் அகன்று அடி கூராக. ஒரு குழி என் கட்டைவிரல் நுனி அளவு, அடுத்தது இன்னும் கொஞ்சம் பெரிது. ஓர் எறும்பு விளிம்பில் கால் வைத்தது. மண் சரிந்தது. ஏறப் பார்த்தது. அப்போது குழியின் அடியிலிருந்து ஒரு பொடி மண் மேலே தெறித்தது. எறும்பு மறுபடி சரிந்தது. மறுபடி மண் வீச்சு. அடியில் அரிவாள் மாதிரி வளைந்த இரண்டு தாடைகள் மட்டும் ஒரு கணம் தெரிந்தன. எறும்பு மண்ணுக்குள் போய்விட்டது. நான் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குழியானை என்று அதற்குப் பெயர் என்பதும், அது தரையில் பின்னோக்கியே ஊர்ந்து போகும் என்பதும், வளர்ந்த பிறகு இறக்கை முளைத்துத் தும்பி மாதிரிப் பறக்கும் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மெல்ல நாலைந்து பேர் கூடிவிட்டோம். எங்கள் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாயே திறக்க மாட்டான். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பான். எல்லா ஆசிரியரும் அவனை விட்டுவிட்டார்கள். அவன் குனிந்த தலையோடு தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இரண்டு தடவை நடந்தான். திரும்பி வந்து, "கூரைத் தண்ணி சொட்டுற கோட்டுக்கு வெளிய ஒரு குழிகூட இல்லடா" என்றான். போய்ப் பார்த்தோம். உண்மைதான். ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் விழுந்து விழுந்து தரையில் ஒரு நேர்கோடு விழுந்திருந்தது. கோட்டுக்கு உள்ளே ஐம்பது அறுபது குழிகள், வெளியே ஒன்றுமில்லை. மழை எதுவரை வரும் என்று கண்ணில்லாத மாதிரி மண்ணுக்குள் கிடந்த அந்தப் பூச்சிகளுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஆசிரியர் எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்தப் பையனின் தோளில் கை வைத்து "ஆமாண்டா" என்றார். அவ்வளவுதான். விளக்கம் சொல்லவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு அவனைக் கைதட்டிப் பாராட்டச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் மறுபடி தரையைப் பார்க்க ஆரம்பித்திருப்பான். அன்று மாலை வரை அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

உங்கள் அட்டவணையில் இரவு எட்டரைக்கு "பகிர்வு நேரம்: இன்று நான் கற்றுக்கொண்டது" என்று இருக்கிறது. வ., இதைத்தான் நான் விடப்போவதில்லை. இதை எடுத்துவிடுங்கள். அன்று இரவே எழுந்து நின்று, இன்று நான் கற்றது ஒற்றுமை, இன்று நான் கற்றது தன்னம்பிக்கை என்று சொல்ல வைக்கிறீர்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நமக்கு எந்த வார்த்தை பிடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், அதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அத்தோடு அந்த நாள் முடிந்து மூடிவிடும். குழியானையிடம் நான் என்ன கற்றேன் என்று அன்று இரவு கேட்டிருந்தால் "விடாமுயற்சி" என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் அதோடு மறந்திருப்பேன். கேட்காததால் நாற்பது வருஷமாக அது எனக்குள் முடியாமல் கிடக்கிறது. பிள்ளை பேச வந்தால் கேளுங்கள், இரவு முழுக்க உட்கார்ந்து கேளுங்கள். வரிசையாக எழுப்பிப் பேச வைக்காதீர்கள்.

முன்னுரை கேட்டீர்கள். கர்ட் ஹானைப் பற்றி எழுதுங்கள். ஜெர்மனியில் ஹிட்லரை எதிர்த்ததற்காக 1933-ல் சிறைக்குப் போய், பிரிட்டனுக்கு வந்து பள்ளி நடத்தியவர். 1941-ல், போரின் நடுவே, வேல்ஸின் அபெர்டோவியில் அவுட்வர்டு பவுண்ட் என்ற வெளிப்புறப் பயிற்சியைத் தொடங்கினார். பணம் கொடுத்து உடன் நின்றவர் கப்பல் நிறுவனம் நடத்திய லாரன்ஸ் ஹோல்ட். கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தவிக்கும்போது, உடம்பில் வலுவுள்ள இளம் மாலுமிகள் தளர்ந்துபோகிறார்கள், வயதானவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது அவருடைய கவலை. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் படகை நினைத்துக்கொள்வேன். சுற்றிலும் தண்ணீர், மேலே வானம், செய்ய வேலையில்லை, அடுத்து என்ன என்று சொல்ல ஆளில்லை. அங்கே தாங்கி நிற்பதற்கான பயிற்சிதான் இந்த மையங்களின் வேர் என்று நான் நினைக்கிறேன். தனியாக உட்கார வைக்கும் "சோலோ" என்ற வழக்கம் இன்றும் அவுட்வர்டு பவுண்டில் உண்டு.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் போதும். கட்டத்தை வெறுமையாக விடுங்கள். "ஓய்வு" என்றுகூட அதில் எழுத வேண்டாம். ஆசிரியர்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும், வாய்க்கு எட்டும் தூரத்தில் வேண்டாம். முதல் நாள் பிள்ளைகள் கத்துவார்கள், சண்டை போடுவார்கள், உங்களிடம் வந்து நிற்பார்கள். உங்கள் தலைமையாசிரியர் பயந்துபோவார். மூன்றாம் நாள்வரை தாக்குப்பிடியுங்கள்.

அப்புறம் அந்த டைல்ஸ். வேலை தொடங்கிவிட்டதா? இன்னும் இல்லையென்றால் நாளைக்கே போய்த் தாழ்வாரத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள். உலர்ந்த மண் இருந்தால் குழிகள் இருக்கக்கூடும். கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு உள்ளே, சுவரை ஒட்டி, ஒரு முழ அகலத்துக்கு மண்ணை அப்படியே விடச் சொல்லிக் கொத்தனாரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். குழிகள் இருந்தனவா, இல்லையா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.