தீனி தின்னுது, ஆனா இளைச்சுக்கிட்டே போகுது

கேள்வி: டாக்டர் சார், நாங்க நாலு ஜெர்சி கலப்பு மாடு வெச்சிருக்கோம். அதுல மூணாவது ஈத்து மாடு ஒண்ணு மூணு மாசமா தண்ணியா கழியுது. காய்ச்சல் இல்ல, தீனியும் நல்லா தின்னுது, ஆனா விலா எலும்பு தெரியுற அளவுக்கு இளைச்சிடுச்சு, இப்ப தாடைக்கு கீழ பை மாதிரி வேற தொங்குது. பூச்சி மருந்து ரெண்டு தடவ குடுத்தாச்சு, ஊசியும் போட்டாச்சு. நாலு நாள் நிக்கும், மறுபடி ஆரம்பிச்சிடும்.
- வாசகி, மாதவரம்

பதில்: அம்மா, நீங்க சொல்ற அடையாளம் எல்லாம் ஜோனிஸ்ங்கற குடல் நோயைத்தான் ஞாபகப்படுத்துது. ஆனா உடனே முடிவு பண்ணிடாதீங்க. ஏரி ஓரமா மேயுற மாட்டுக்கு தட்டைப்புழு இருந்தாலும் இதே மாதிரி கழிச்சலும் தாடை வீக்கமும் வரும், அதனால முதல்ல சாணி டெஸ்ட். அதுல புழு இல்லன்னா ரத்தம் எடுத்து, அதுல நோய் எதிர்ப்புப் பொருளைத் தேடுற எலைசா டெஸ்டும், சாணியில கிருமியையே தேடுற பிசிஆர் டெஸ்டும் பண்ணச் சொல்லுங்க. மாட்டைக் கூட்டிட்டுப் போக முடிஞ்சா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில காட்டுங்க.

ஜோனிஸை உண்டாக்குறது காசநோய்க் கிருமிக்கு சொந்தக்காரக் கிருமி, 1895லயே ஜெர்மனியில கண்டுபிடிச்சது. சிறுகுடல் சுவர்ல போய் உக்காந்துக்கும். செத்த மாட்டை அறுத்துப் பாத்தா குடல் உள்பக்கம் தடிச்சு மடிப்பு மடிப்பா இருக்கும், ரெண்டு கையால இழுத்துப் பிடிச்சாலும் அந்த மடிப்பு போகாது. அந்தக் குடல்ல சத்து எங்க ஏறும், உடம்புல இருக்கற புரதமும் அது வழியா ஒழுகிப் போயிடுது, அதனாலதான் தின்னுட்டே இளைக்குது, தாடையில நீர் கோத்துக்குது.

சொல்லவே மனசு கஷ்டமாதான் இருக்கு, ஜோனிஸ்னு உறுதியாச்சுன்னா குணமாக்குற மருந்து கிடையாது. இனிமே ஊசிக்கு செலவு பண்ற பணத்தை கன்னுங்க பக்கம் திருப்புங்க. ஏன்னா இந்த மாட்டுக்கு நோய் போன மாசம் வந்ததில்ல, கன்னா இருந்தப்பவே ஒட்டியிருக்கும், வெளிய தெரிய ரெண்டுல இருந்து அஞ்சு வருஷம், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும். நோய் முத்துன மாடு போடற சாணியில கோடிக்கணக்குல கிருமி இருக்கும், ஈரமும் நிழலும் இருக்கற எடத்துல ஒரு வருஷம் கூட சாகாது.

நாளைக்குக் காலையில பால் கறக்கும்போது காம்பைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. ஓரத்துல பட்டாணி அளவு சாணி காஞ்சு ஒட்டியிருக்கும், கன்னு வந்து முட்டி முட்டி அதையும் சேத்துதான் சப்பும். அந்த ஒரு வாய் போதும். அதனால கன்னு ஈன்ற எடத்தைக் கழுவி காய விட்டு புது வைக்கோல் போடுங்க, மடியைக் கழுவித் தொடைங்க, கன்னைப் பெரிய மாடுங்க சாணி படாத தனி எடத்துல கட்டுங்க. சாணி அள்ற மம்முட்டியால தீவனத்தைத் தள்றதை இன்னைக்கே நிறுத்துங்க. நோய் இருக்கற மாட்டோட சீம்பாலும் பாலும் எந்தக் கன்னுக்கும் வேணாம், டெஸ்ட்ல நோய் இல்லன்னு வந்த மாட்டோட சீம்பாலைக் குடுங்க, ஆனா பொறந்த கொஞ்ச நேரத்துலயே குடுத்துடணும்.

மத்த மூணு மாட்டுக்கும் டெஸ்ட் எடுங்க. ஆரம்பத்துல எலைசாவுல தெரியாது, அதனால ஒரு தடவ நெகட்டிவ்னு வந்தா நிம்மதியா விட்டுடாம வருஷா வருஷம் எடுக்கணும். நோய் மாட்டை தனியா கட்டுங்க, இனிமே சினை ஊசி போடாதீங்க. தயவுசெஞ்சு விஷயத்தை மறைச்சு சந்தையில வித்துடாதீங்க, அங்க வாங்கற வீட்லயும் ஒரு கன்னு இருக்கும்.

கேள்வி: அந்த மாதிரி மாட்டோட பாலை மனுஷங்க குடிக்கலாமா?
- வாசகர், புழல்

பதில்: கழிச்சல் இருக்கற மாட்டோட பாலை வீட்டுக்கும் எடுக்காதீங்க, விக்கவும் வேணாம். மத்த பாலையும் நல்லா பொங்கக் காய்ச்சித்தான் குடிக்கணும். க்ரோன்ஸ்னு மனுஷங்களுக்கு வர்ற ஒரு குடல் நோய்க்கும் இந்தக் கிருமிக்கும் சம்பந்தம் இருக்கான்னு ரொம்ப வருஷமா ஆராய்ச்சி நடக்குது, இன்னும் உறுதியாகல.

கேள்வி: ஆட்டுக்கும் இது வருமா?
- வாசகர், பட்டாபிராம்

பதில்: வரும். ஆனா ஆட்டுல கழிச்சல் பெரும்பாலும் இருக்காது, சும்மா இளைக்கும், முடி சொரசொரன்னு ஆயிடும், அதனால புழுன்னு நெனச்சு விட்டுடறாங்க. மதுரா பக்கம் மக்தூம்ல இருக்கற மத்திய ஆடு ஆராய்ச்சி நிலையத்துல இதுக்கு நம்ம நாட்டுக் கிருமியை வெச்சே தடுப்பூசி உருவாக்கியிருக்காங்க. தடுப்பூசி போட்டா நோயோட வேகமும் புழுக்கையில கிருமி வர்றதும் குறையும், அடியோட ஒழியாது. அப்புறம், போட்ட ஆட்டுக்கு பின்னாடி காசநோய் தோல் டெஸ்ட் பண்ணா தப்பா பாசிட்டிவ் காட்டலாம், அதனால எந்த ஆட்டுக்கு என்னைக்குப் போட்டீங்கன்னு ஒரு நோட்ல எழுதி வெச்சுக்கங்க.